தூண்டிலுக்கு ஒரு துணை

மீன் பிடிக்க ஒரு வழிகாட்டியா என்று நம் ஊரில் சிரிப்பார்கள். குளக்கரையில் குந்தி, மண்புழுவைக் கோத்து, தக்கை அமிழக் காத்திருந்த பழக்கம் நம்முடையது. நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

நம் கல்லூரிக்கு வருமுன் மாலத்தீவில் ஒரு சிறு தீவுப் பள்ளியில் சில ஆண்டுகள் அறிவியல் கற்பித்தேன். அங்கே எனக்கு மூத்த ஆசிரியராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பௌதிகம் படிப்பித்தார். ஊரார் அனைவருக்கும் அவர் மாஸ்டர், எனக்கும் மாஸ்டர்தான். பின்னர் அவர் மகளுடன் ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டார். அங்குள்ள ஆறுகளில் ஒரு புதிய பித்துப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் ஃப்ளை ஃபிஷிங் என்கிறார்கள். இறகுத் தூண்டில் என்று வைத்துக்கொள்வோம். முள்ளில் மயிரும் இறகும் கட்டி, பூச்சி போலவோ இறால் போலவோ செய்வார்கள். அதற்குக் கனமே கிடையாது. கனமெல்லாம் நூலில். அந்த நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசித்தான் இறகைத் தொலைவுக்கு அனுப்ப வேண்டும்.

சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, என்ர இடது கண் மெல்ல மெல்லப் போகுது. வலதும் போறதுக்கு முன்னம் எங்கட பழைய தீவுப் பக்கம் பரவைக் கடலிலே ஒருக்கா நிண்டு மீன் பிடிக்க வேணும். ஆளையும் அறையையும் நீர்தான் பாக்க வேணும்."

ஆழமற்ற கடலை யாழ்ப்பாணத்தார் பரவைக் கடல் என்பார்கள். முழங்காலளவுத் தண்ணீர், அடியில் வெண்மணல். நீர் ஏறும்போது போன்ஃபிஷ் என்னும் மீன்கள் அதன்மேல் இரை தேடி வரும். தலையை மணலுக்குள் விட்டு இறாலையும் நண்டையும் கிளறும். அதன் செதில் கண்ணாடிபோல் அடிமணலையே எதிரொளிப்பதால் மீன் தெரியாது, நிழல்தான் தெரியும். கண்டபிறகே தூண்டில் வீச வேண்டும். ஆகவே இந்த வேட்டையில் பாதி வேலை கண்ணுடையது. அந்தக் கண்தான் மாஸ்டரிடம் இல்லை. வழிகாட்டி என்று நான் தேடியது, உண்மையில், ஒரு இரவல் கண்ணை.

தங்குமிடத்தைப் பற்றி முதலில் யோசித்தேன். கப்பலிலேயே தங்கி ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றும் ஏற்பாடு உண்டு. எழுபதைத் தாண்டியவர் ஆடும் ஏணியில் ஏறி இறங்குவதை நினைத்ததும் அதைக் கைவிட்டேன். ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதியாக இருக்கும் உல்லாசத் தீவுகள் உண்டு. அப்படி ஒன்றுக்கு எழுதிக் கேட்டேன். அந்தி வேளையில் படகில் கூட்டிப்போய்க் கைத்தூண்டில் போடவைப்போம் என்று படங்களுடன் பதில் வந்தது. படங்கள் அழகாகவே இருந்தன.

மிஞ்சியது, மக்கள் வாழும் தீவுகளில் உள்ள சிறு விருந்தினர் இல்லம். 2009 அளவில்தான் அத்தகைய தீவுகளில் இதற்கு வழி பிறந்தது. என் பழைய மாணவன் ஒருவன் கடன் வாங்கி ஆறு அறைகளில் அப்படி ஓர் இல்லம் நடத்துகிறான். 2020இல் நாட்டின் வாசலே மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது பட்ட அடியிலிருந்து அவன் இன்னும் எழவில்லை. செய்தி கேட்டதும், "சார், அறை என்னுடையது. வழிகாட்டி என் தம்பி. நீங்கள் கவலையே படவேண்டாம்" என்றான்.

இங்கேதான் என் சங்கடம் தொடங்கியது. அறையில் குறையில்லை. விடிவதற்கு முன் சாப்பாடு தருவாயா என்றேன். கடல் ஏற்றம் காலைச் சிற்றுண்டிக்காகக் காத்திருக்காது. தருவேன் என்றான். உப்பேறிய கோலையும் உருளையையும் மாலையில் கழுவ நல்ல தண்ணீர்? உண்டு. சுகாதார நிலையம்? இரண்டு தெரு தள்ளி. வெள்ளிக்கிழமை மட்டும் தொழுகை முடிந்த பிறகே படகு என்றான். அதுவும் நியாயமே.

தம்பியிடம் பேசினேன். சூரை மீன் பிடிப்பதில் கெட்டிக்காரன், நல்ல கடலோடி. "பரவைக்கு எப்படிப் போவாய்?" என்றேன். "விரைவாகப் போய்ச் சேர்ந்து இயந்திரத்தை நிறுத்துவேன்" என்றான். அந்த ஓசைக்கே மீன்கள் ஓடிவிடும். அமைதியாகக் கழி ஊன்றிப் படகைத் தள்ள வேண்டும். அல்லது தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். மாணவனிடம் உள்ளதைச் சொன்னேன்: அறை உன்னுடையது, ஆள் வேறு. அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் பதிலே இல்லை. ஒரு பிள்ளையின் வயிற்றில் அடித்துவிட்டோமோ என்று எனக்கு உறக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் அவனே அழைத்தான். அடுத்த தீவில் ஒரு முதியவர் இருக்கிறாராம். சூரைப் படகுகளுக்கு வேண்டிய உயிர் இரைமீனை வலையில் அள்ளியே காலம் கழித்தவர்; அந்தப் பரவையை உள்ளங்கைபோல் அறிந்தவர். இறகுத் தூண்டிலை அவர் கண்டதில்லை. மாணவன் மொழிபெயர்க்க அவருடன் பேசினேன். நீர் ஏறும்போது மீன் எந்த ஓரத்தில் நுழையும், இறங்கும்போது எந்த வாய்க்காலில் வெளியேறும் என்று தயங்காமல் சொன்னார். கடைசியாக, நான் கேளாமலே, "மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. அன்று கூலி வேண்டாம்" என்றார். அந்தச் சொல்லுக்காகவே அவரை முடிவு செய்தேன்.

பிப்ரவரியில், வடகிழக்குக் காற்றின் தெளிந்த நாட்களில், மாஸ்டர் வந்தார். நானும் விடுப்பு எடுத்துத் திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறினேன். மாணவனின் தம்பியே படகை ஓட்டினான். அது அவன் அண்ணன் செய்த ஏற்பாடு. முதல் நாள் முழுதும் மேகம். முதியவர் பணத்தைத் தொடவில்லை.

இந்த வேட்டையில் திசையைக் கடிகார முகமாகச் சொல்வது வழக்கம். படகின் முனை பன்னிரண்டு. சற்று இடப்புறம் பதினொன்று. முதியவருக்கு ஆங்கில எண்கள் வாயில் வரவில்லை. ஆகவே மாஸ்டர் திவேஹி எண்களைத் தூசு தட்டிக்கொண்டார். எகாரா என்றால் பதினொன்று. பாரா என்றால் பன்னிரண்டு. இரண்டாம் நாள் முதியவர் "பாரா! பாரா!" என்று கிசுகிசுத்தார். "பாரையோ? எங்கே பாரை?" என்று மாஸ்டர் திரும்பிய திரும்பலில் படகே ஆடியது. மீனும் போயிற்று. முதியவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை படகை விட்டு இறங்கி, திருக்கை மிதிபடாமல் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தோம். முதியவர் மாஸ்டரின் தோளில் கைவைத்து நிறுத்தினார். "எகாரா" என்றார். மாஸ்டருக்கு ஒன்றும் தெரியவில்லை, எனக்கும்தான். சொன்ன பக்கம் வீசினார். நூல் விழுந்தது. முதியவர் தோளை மெல்ல அழுத்தியதும் மாஸ்டர் நூலைச் சிறுகச் சிறுக இழுத்தார். சட்டென்று நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. உருளை அலறியது. இரண்டு முறை ஓடிய பிறகே அது கைக்கு வந்தது; ஒரு கிலோ இருக்கலாம்.

மாஸ்டர் அதைத் தண்ணீரைவிட்டுத் தூக்கவில்லை. முகத்தை நீர்மட்டம் வரை குனிந்து, வலது கண்ணை அருகில் கொண்டுபோய், அந்தச் செதில்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு கையை விரித்தார். அது எந்தப் பக்கம் போயிற்று என்று முதியவர்தான் விரலால் காட்டினார்.

அன்று மாலை கோலையும் உருளையையும் மாணவனின் தம்பி கழுவினான். கழுவி முடித்ததும் முற்றத்தில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நூலை வீசிப் பார்த்துக்கொண்டிருந்தான். "கை மணிக்கட்டை மடக்காதையும்" என்று உள்ளேயிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார்.

அடுத்த பிப்ரவரிக்கும் ஓர் அறை சொல்லிவைத்திருக்கிறார். வலது கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறதாம்.