எடை குறைந்த நூலகம்

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி நிரலுக்கு என்ன வேலை என்று புருவம் உயர்த்தும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். இதுவும் ஒருவகையில் சொற்சிக்கனம் பற்றிய கதைதான்.

சி மொழியில் எழுதிய நிரல் ஒன்று திரையில் ஒரு வரியை அச்சிட விரும்பினால், வழக்கமாக அது லினக்ஸ் கருவகத்திடம் நேரே போய்க் கேட்பதில்லை. இடையில் ஒரு நூலகம் நிற்கிறது. சொல்லின் நீளத்தை அளப்பது, எண்ணை எழுத்தாக்குவது, நினைவகம் கேட்டு வாங்குவது எல்லாம் அதன் வழியாகவே நடக்கின்றன. பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் அவ்விடத்தில் இருப்பது குனூ திட்டத்தின் கிளிப்சி. 1980களின் பிற்பகுதியில் முளைவிட்டு வளர்ந்த பெருமரம். அதற்கு மாற்றாக ரிச் ஃபெல்கர் என்பவர் 2011இல் வெளியிட்ட சிறு நூலகத்தின் பெயர் மசல். 2014இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. அதே ஆண்டில் ஆல்பைன் லினக்ஸ் அதனைத் தன் அடித்தளமாக ஏற்றுக்கொண்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பள்ளிக்கு நன்கொடையாக வந்த பழைய கணினிகளுக்கு உயிரூட்டும் பொறுப்பை நாங்கள் மூவர் ஏற்றோம். நினைவகம் மிகக் குறைவு. 32 பிட் எந்திரங்கள். ஆல்பைனை நிறுவினோம். பழந்தமிழ்ப் பாடல்களில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தேடித்தரும் சிறு நிரலொன்றையும் பிள்ளைகளுக்காக எழுதினோம். எங்கள் வீட்டுக் கணினிகளில் அது பிழையின்றி ஓடியது.

திறப்பு நாளன்று ஒரு சிறுமி தன் பெயரைத் தட்டச்சு செய்து தேடினாள். நிரல் செத்து விழுந்தது. மீண்டும் முயன்றாள், மீண்டும் விழுந்தது. "நான் ஏதாவது கெடுத்துட்டேனா சார்?" என்று அவள் கேட்டபோது எங்களுக்கு முகம் காட்ட இயலவில்லை.

இரண்டு இரவுகள் மசலைப் பழித்தோம். சிறியது என்றால் அரைகுறை என்றுதானே பொருள் என்று எங்களுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டோம். மூன்றாம் நாள்தான் உண்மை புலப்பட்டது. நிரலின் தேடும் பகுதி தனி இழையில் ஓடியது. அதனுள் 200 கிலோபைட் அளவுள்ள அணி ஒன்றை இழையின் அடுக்கு நினைவகத்திலேயே வைத்திருந்தோம். கிளிப்சியில் ஓர் இழைக்கு வழக்கமாக 8 மெகாபைட் அடுக்கு கிடைக்கும். மசல் தருவதோ 128 கிலோபைட்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? கணக்குப் போட்டுப் பார்த்தோம். 32 பிட் எந்திரத்தின் முகவரி வெளி மொத்தமே 4 கிகாபைட். இழைக்கு 8 மெகாபைட் என ஒதுக்கினால் 512 இழைகளில் அவ்வெளி முழுதும் தீர்ந்துபோகும். அதிகம் வேண்டுவோர் வாய்திறந்து கேட்கலாம். கேட்பதற்கு முறை வகுத்திருக்கிறார்கள். நாங்கள் கேட்கவில்லை. கிடைக்கும் என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டோம். பிழை எங்களுடையது. இரண்டு வரிகள் மாற்றினோம், நிரல் ஓடியது.

அந்தக் குற்றவுணர்வுதான் எங்களை மசலின் மூலநிரலுக்குள் இழுத்துச் சென்றது. பயிற்சிக்காக நாங்களும் ஒரு குட்டி நூலகம் எழுத முனைந்தோம். சொல்லின் நீளத்தை அளக்கும் செயற்கூறு மூன்று வரியில் முடிந்தது. 'தமிழ்' என்று கொடுத்தோம், 15 என்றது! கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள். யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட்டு. நூலகம் எண்ணுவது பைட்டுகளைத்தான் என்னும் பாடம் அன்று நெஞ்சில் பதிந்தது.

பின்னக் கணக்கில்தான் தோற்றோம். 0.1 என்பதை இரும எண்ணாகச் சரியாகச் சேமிக்க இயலாது. கணினியில் உண்மையில் இருப்பது 0.1000000000000000055 என்று தொடங்கி நீளும் ஓர் எண். நாங்கள் பத்தால் பெருக்கிப் பெருக்கி இலக்கங்களை உதிர்த்தோம்; இருபது இலக்கம் கேட்டால் பின்பகுதி பொய்யாக வந்தது. மசல் என்ன செய்கிறது என்று பார்த்தோம். எண்ணை நூறு கோடியை அடிமானமாகக் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, நம் பள்ளிக்கூடக் கணக்குப் போலவே கையிருப்பு ஏற்றி, கடைசி இலக்கம் வரை மெய்யாக அச்சிடுகிறது. அதற்கென்று தனியே நினைவகம் கேட்பதுமில்லை. ஆகவே நினைவகம் தீர்ந்த வேளையிலும் அப்பணி நின்றுபோகாது.

அப்போதுதான் உணர்ந்தோம். எங்கள் நூலகம் சிறியதாக இருந்தது, வேலையை விட்டுவிட்டதனால். மசல் சிறியதாக இருக்கிறது, வேலையைத் தவிர மற்றதை விட்டுவிட்டதனால். குறளின் சுருக்கத்திற்கும் தந்தி வாசகத்தின் சுருக்கத்திற்கும் உள்ள வேறுபாடு இதுதானே?

எங்கள் குட்டி நூலகத்தை நாங்கள் முடிக்கவில்லை; முடிக்கும் எண்ணமும் இப்போது இல்லை. பள்ளிக்கு மறுபடி போனபோது அந்தச் சிறுமியிடம் மட்டும் சொன்னோம்: "நீ எதையும் கெடுக்கலம்மா. தப்பு எங்க மேலதான்." அவள் தலையாட்டிவிட்டு, தன் பெயரைத் தேடத் தொடங்கினாள். 'கயல்' என்னும் சொல் திரையில் வரிவரியாக இறங்கி வந்தது.