வில்லாபுரத்து வீடும் அண்ணனோட பாக்கியும்

அன்புள்ள தோழிக்கு,

வில்லாபுரத்துப் பெரியப்பா வீட்டை விக்கப் போறாங்கன்னு போன்ல சொன்னேன்ல? நின்னு போச்சுடி. வாசக்கதவுல கோர்ட் ஜப்தி நோட்டீஸ் தொங்குது. அமீனா வந்து ஒட்டினப்ப எதிர்வீட்டு மாடி பூராம் கூட்டமாம். அக்கா ரெண்டு நாளா வெளிய தலை காட்டல.

எல்லாம் நம்ம நடு அண்ணனால. மகளுக்கு மாசம் எட்டாயிரம் ஜீவனாம்சம் குடுக்கணும்னு குடும்ப நீதிமன்றம் சொல்லுச்சு. கொஞ்ச நாள் கட்டினாரு, அப்புறம் "வேலை இல்ல"ன்னு நிறுத்திட்டாரு. வேலை இல்லாதவரு புது புல்லட்ல சுத்துறாரு, அதை யாரும் கேக்கல! பாக்கி மூணு லட்சத்தைத் தாண்டிருச்சு. நடுவுல ஒரு மாசம் உள்ள இருந்துட்டு வந்து, "கணக்கு நேராயிருச்சு"ன்னு பேச்சு வேற. ஜெயிலுக்குப் போனா பாக்கி கழியாதுன்னு உச்ச நீதிமன்றம் 1988லயே சொல்லிருச்சே, அது அவருக்கு எங்க தெரியும்?

மதினி லேசுப்பட்ட ஆளா? 2020ல உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குல ரெண்டு பக்கமும் சொத்து, கடன், வருமானம் அத்தனையும் பிரமாணப் பத்திரமா குடுக்கணும்னு விதிச்சுது. உத்தரவை சிவில் டிக்ரி மாதிரி நிறைவேத்தலாம்னும் சொல்லியிருக்கு. அண்ணன் அசையாச் சொத்து "இல்லை"ன்னு எழுதினாரு பாரு, மதினி பழைய பீரோவுல கெடந்த சொத்து வரி ரசீதை நீட்டிட்டாங்க. அக்கா, அண்ணன், தம்பி மூணு பேரும் அதுல இருக்காங்க. பெரியப்பா உயில் எழுதல, பெரியம்மாவும் இல்ல. ஆளுக்கு மூணுல ஒரு பங்கு.

"பொது வீடு, எவன் கை வைப்பான்?"னு அண்ணன் தைரியமா இருந்தாரு. வைக்கலாம், ஆனா அவரு பங்குல மட்டும். அக்கா பங்கையும் தம்பி பங்கையும் கோர்ட் தொடாது. ஆனா பிரிக்காத வீட்டுல அவரு பங்குன்னு எதைக் காட்டுவ? சமையக்கட்டையா, மாடிப்படியையா? வாங்க வந்தவரோட வக்கீல் வில்லங்கம் போட்டுப் பாத்தாரு, ஜப்தி பதிவாகியிருக்கு. அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்கன்னுட்டாங்க. ஒரு பாவமும் அறியாத அக்கா, மகன் காலேஜ் ஃபீஸுக்கு நம்பியிருந்த பணம் மாட்டிக்கிச்சு.

அண்ணன் அதுலயும் ஒரு குறுக்கு வழி யோசிச்சாரு. தன் பங்கைத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிர்றாராம்! ஜப்திக்கு அப்புறம் எழுதுறது அந்தப் பாக்கிக்கு முன்னால செல்லாது. முன்னாடியே எழுதியிருந்தாலும், குடுக்க வேண்டியவங்களை ஏமாத்தத்தான் எழுதினாருன்னு நிரூபிச்சா கோர்ட் ரத்து பண்ணிரும்.

ஏலம் விட்டா வெளியாள் வீட்டுக்குள்ள வந்துருவானோன்னு அக்காவுக்கு ஒரே பயம். அப்படி நேரா வந்து ஹால்ல பாய் விரிக்க முடியாதுடி. பிரிக்காத குடும்ப வீடுன்னா, எடுத்தவன் பாகப்பிரிவினை வழக்குப் போடணும். போட்டான்னா, 1893ஆம் வருஷப் பாகப்பிரிவினைச் சட்டத்துல ஒரு வழி இருக்கு, கோர்ட் மதிப்புப் போட்ட விலைக்கு வீட்டுக்காரங்களே அந்தப் பங்கை வாங்கிக்கலாம். ஆனா அது முடியறதுக்குள்ள அக்கா பேரன் பேத்தி எடுத்துருவா.

இத்தனைக்கும் அக்கா திட்டுறது மதினியைத்தான். "குடும்பத்தைத் தெருவுல இழுத்துட்டா"ங்கிறா. எனக்குப் பொறுக்கல. பத்தாவது படிக்கிற புள்ளைக்கு ட்யூஷன் ஃபீஸ் கட்ட மதினி வளையலை அடகு வச்சப்ப இந்தக் குடும்பம் எந்தத் தெருவுல இருந்துச்சுன்னு கேட்டுட்டேன். இப்ப எங்கிட்டயும் பேச்சில்ல.

புத்தி உள்ளவன் தம்பிதான். தான் கடன் வாங்கி கோர்ட்ல பாக்கியைக் கட்டி ஜப்தியை நீக்கிர்றேன், வீடு வித்ததும் அண்ணன் பங்குல கழிச்சுக்கிறேன்னு எழுதி வாங்கிட்டான். அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு. இனி மாசாமாசம் வர்ற எட்டாயிரம் அவரு பாடு.

இம்புட்டும் ஏன் எழுதுறேன்னா, நீ உன் கொழுந்தனோட சேர்ந்து மனை வாங்கப் போறேன்னியே. அவருக்கும் மொத சம்சாரத்துகிட்ட ஒரு பையன் இருக்கான்ல? அவனுக்கு ஒழுங்கா கட்டுறாரான்னு மொதல்ல கேளு. அப்படியே வாங்கினாலும், நீ போடுற பணம் எவ்வளவு, உன் பங்கு எவ்வளவுன்னு கிரயப் பத்திரத்துலயே எழுதச் சொல்லு. இல்லாட்டி, காசு யாரு எவ்வளவு போட்டதுன்னு காட்ட முடியாதப்ப, சரிபாதின்னுதான் சட்டம் எடுத்துக்கும்.

உன் மாமியாருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டித் தொலையாத.

உன்,
நான்தான்