அமைதி என்றொரு சொல்

என் சித்தப்பா அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர். திரும்பி வந்தபோது எனக்கு எட்டு வயது. கூட்டுக் குடும்பம், நடுராத்திரியில் அவர் அலறி எழுவது எல்லோருக்கும் கேட்கும். சித்தி விளக்கைப் போட்டுத் தண்ணீர் கொடுப்பார். என்ன கனவென்று கேட்கமாட்டார். நான் கேட்டால், "ஆம்பளைங்க பார்த்துட்டு வந்ததை நாம கேக்கக் கூடாதுடி" என்பார்.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி போன படை அது. ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டு அமைதியை நிலைநாட்டுவது வேலை. யாழ்ப்பாணத்து மக்கள் மாலையிட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் புலிகளோடு போர் மூண்டது. 21ஆம் தேதி, தீபாவளியன்று, அந்தப் படை யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்து சுட்டது. மறுநாள்வரை நடந்ததில் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என 60 பேருக்கு மேல் இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை முழுதாகத் திரும்புவதற்குள் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்களும் மாண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொழும்பை அடுத்த கோட்டேயில் நினைவிடம் இருக்கிறது. வன்புணரப்பட்ட பெண்களுக்கு எங்கே இருக்கிறது?

அவர்களை எழுத்தில் வைத்தவர் ரஜனி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர். பாதிக்கப்பட்ட பெண்களின் அனுபவங்களை 'முறிந்த பனை' நூலில் பதிவுசெய்தார். அமைதிப்படையை விமர்சித்த அதே பேனாவால் புலிகளையும் விமர்சித்தார். 1989 செப்டம்பர் 21 அன்று, சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. கொன்றவர்கள் புலிகளே என்று அவருடைய சகோதரியும் தோழர்களும் சொல்லிவருகிறார்கள்.

முதுகலை வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "அமைதின்னா சமாதானமா மேடம், இல்ல பேசாம இருக்கறதா?"

இரண்டும்தான் என்றேன். தமிழாசிரியையின் பதில். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. முதல் பொருளைச் சொல்லிக்கொண்டு போன படை, இரண்டாவதைத்தான் அந்தப் பெண்களிடம் விட்டுவிட்டு வந்தது. ஊர் என்ன சொல்லும், யார் கட்டிக்கொள்வார்கள் என்ற பயம் அதைக் காத்தது. ரஜனி உடைத்தது அதைத்தான்.

எங்கள் வீட்டிலும் அது பத்திரமாகவே இருந்தது. சித்தப்பா இறந்து பல வருடங்களாயிற்று. போன மாதம் சித்தியிடம் கேட்டேன், அவர் எதையாவது சொன்னாரா என்று. வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஒருவாட்டி ஆரம்பிச்சாரு. ஒரு வீட்டுல ஒரு பொண்ணு, நம்ம பாப்பா வயசுதான் இருக்கும்னாரு. போதும், சொல்லாதீங்கன்னு நான்தான் வாயைப் பொத்திட்டேன்."

அந்த வீட்டில் பாப்பா என்றால் நான்.