மூப்பின் கணக்கு

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது கம்பனைப் பற்றியோ நன்னூலைப் பற்றியோ ஏதேனும் வரும் என்றே எண்ணியிருப்பர். தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர் ஒருவர் அமெரிக்கரின் பேஸ்போலைப் பற்றி, அதிலும் மைதானத்தில் ஆடாது மேசையிலுங் கணனியிலும் ஆடும் அதன் நிழலாட்டத்தைப் பற்றி, எழுதப் புகுவது முறையோ எனச் சிலர் வினவலாம். பழைய மாணவர் ஒருவரின் தயவால் நான்கு ஆண்டுகளாக இவ்வாட்டத்திற் பழகி வருகின்றோம். அதிலே எம்மைப் பிடித்து நிறுத்தியது வெற்றி தோல்வியன்று. ஒரு மனிதன் எப்படி வளருகிறான், எப்போது தளருகிறான் என்பதை எண்ணால் எழுத முயலும் அதன் துணிவேயாம்.

கிரிக்கெற் அறிந்தார்க்குப் பேஸ்போலை விளக்குதல் எளிது. ஒருவர் பந்தை எறிவார். எதிரணியினர் உருண்ட மட்டையால் அதனை அடிப்பர். அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்து எல்லைவேலிக்கு அப்பால் வீழ்ந்தால் அது 'ஹோம் ரன்'. பருவமொன்றில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். ஆட்டக் கணக்குகள் 1870கள் தொட்டு ஏட்டில் ஏறி வருவதால், எண்களில் இன்பங் காண்போர்க்கு இதனினும் ஏற்ற விளையாட்டு வேறில்லை.

அவ்வெண்களைக் கொண்டே 1951 இல் டிக் சைற்ஸ் என்பார் 'ஆப்பா' என்னும் மேசையாட்டத்தையும், 1961 இல் ஹால் றிச்மன் 'ஸ்ராற்-ஓ-மற்றிக்' என்னும் ஆட்டத்தையும் வெளியிட்டனர். வீரர் ஒவ்வொருவர்க்கும் ஒரு சீட்டு. பகடையை உருட்டிச் சீட்டைப் பார்த்தால் அடித்தாரா, ஆட்டமிழந்தாரா என்பது தெரியும். அச்சீட்டு ஒரு பருவத்துக்கு உரியது. 1962 ஆம் ஆண்டுச் சீட்டிலுள்ள வில்லி மேய்ஸ் ஆயிரம் ஆட்டம் ஆடினும் 31 வயதினரே. மூப்பை வழங்கும் பணியை இயற்கை செய்தது. அச்சகம் அதனை ஆண்டுக்கொருமுறை பதிந்து கொடுத்தது. ஆட்டம் அமைத்தவர்க்கு அதிலே கவலையில்லை.

கவலை கணனியோடு வந்தது. கிளே டிறெஸ்லோவின் 'பேஸ்போல் மோகல்' 1997 இலும், ஜேர்மனியரான மார்க்குஸ் ஹைன்சோனின் 'அவுட் ஒவ் த பார்க் பேஸ்போல்' 1999 இலும் வெளிவந்தன. இவற்றில் ஆடுவோர் ஓர் அணியை ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கும் நடத்திச் செல்லலாம். பதினெட்டு வயதுச் சிறுவரைச் சேர்த்து, வளர்த்து, ஓய்வு கொடுத்து அனுப்பவேண்டும். இயற்கை செய்த வேலையை இப்போது நிரல் எழுதுவோரே செய்ய நேர்ந்தது. ஆகையால் இளைஞன் ஒவ்வொருவனுக்கும் ஈரெண்கள் வைத்தனர்: ஒன்று இன்று உள்ள ஆற்றல், மற்றையது நாளை வரக்கூடிய ஆற்றல். மெய்யான அணிகளுக்காகத் திறன் தேடித் திரிவோர் 20 முதல் 80 வரை இடும் புள்ளியையே இங்கும் காணலாம். அவ்வளவையில் 50 நடுத்தரம்.

இரண்டாவது எண்ணைக் கண்டவுடன் எம் தொழில் நினைவுக்கு வந்தது. மாணாக்கனின் வருங்காலத்துக்குப் புள்ளியிடுமாறு எம்மை எவருங் கேட்பதில்லை. ஆயினும் அதனை இட்டுக்கொண்டேயிருக்கின்றோம். "இவன் கணிதத்துக்கு, இவன் கலைக்குத்தான்" என்று ஆசிரியர் அறையிலே கூறப்படுவது யாது? பதினைந்து வயதுப் பிள்ளையின் நெற்றியில் எழுதப்படும் இரண்டாவது எண்ணன்றோ? தமிழாசிரியராகிய எமக்கு அந்தக் 'கலைக்குத்தான்' என்பதிலுள்ள தேற்றமும் உவப்பாயிருப்பதில்லை. அது வேறு கதை.

இனி வளர்ச்சியின் வளைகோட்டுக்கு வருவோம். பேஸ்போல் எண்களை ஆராய்ந்து பெயர்பெற்ற பில் ஜேம்ஸ், துடுப்பாடுவோரின் உச்சம் 27 வயதளவில் நிகழ்கின்றது என 1982 இல் எழுதினார். 30 அளவில் எனப் பின்வந்தோர் சிலர் மறுத்ததுமுண்டு. ஆயினும் இருபதுகளின் பிற்பாதியே உச்சம் என்பதிற் பெரிய பிணக்கில்லை. பிணக்கெல்லாம் கணக்கிடும் முறையிலேதான்.

38 வயதில் ஆடுவோரின் சராசரியை 24 வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டால், முதியோர் தளர்ந்தவராகவே தோன்றார். காரணம் வெளிப்படை. 38 வரை நிலைத்தவர் முதலிலேயே சிறந்தவர்; ஏனையோர் என்றோ வீட்டுக்குப் போய்விட்டனர். நாற்பதாண்டு கழித்துப் பழைய மாணவர் சங்க விருந்துக்கு வந்திருப்போரை எண்ணி, அவ்வகுப்பார் அனைவரும் நன்றாய் வாழ்கின்றனர் என்று முடிவுகட்டுதல் போன்றது இது. (இம்மலரைக் கையில் ஏந்தியிருப்போர் பொறுத்தருள்க!) இக்குறையை நீக்க, ஒரே வீரரின் அடுத்தடுத்த ஈராண்டுகளை ஒப்பிட்டு வேறுபாட்டைத் தொகுத்தனர். அங்கும் ஒரு பொறி இருந்தது. ஓராண்டு நல்வாய்ப்பால் மிக அடித்தவன் அடுத்த ஆண்டும் இடம்பெறுவான். அப்போது வாய்ப்பு விலக, அவன் தளர்ந்தான் என ஏடு கூறும். தீவாய்ப்பால் குறைய அடித்தவனோ நீக்கப்படுவான். அவன் மீண்டெழுந்திருப்பான் என்பதற்கு ஏட்டிற் சான்றிராது. முதன்முறை மூப்பை மறைத்தது. இம்முறை அதனை மிகுத்துக் காட்டியது.

இன்னுமொன்று. ஆற்றல் என்பது ஒரு பொருளன்று. ஓட்டவேகம் இருபதுகளின் முற்பாதியிலேயே குறையத் தொடங்குகின்றது. 2015 முதல் பெருங்குழுக்களின் அரங்குகள் யாவற்றிலும் கருவி வைத்து அளக்கப்படுவதால் இதில் ஐயத்துக்கு இடமில்லை. எறிபந்தின் வேகமும் அவ்வாறே விரைவில் உச்சங்கண்டு இறங்குவது. அடிக்கத் தகாத பந்தை அடிக்காது விடும் பொறுமையோ முப்பதுகளிலும் வளருகின்றது. ஆதலால் நல்ல ஆட்டநிரல் வீரனை ஒரே எண்ணாக அன்றிப் பல எண்களாக மூப்படையச் செய்யும். கால் தளர்ந்தவன் களத்தில் வேறிடம் பெயர்வான். கல் றிப்கின் 36 வயதில் நடுக்களத்தைவிட்டு மூன்றாந் தளத்துக்குப் பெயர்ந்து, 41 வயதான 2001 வரை ஆடியதை நினைக்க.

இவ்வளவையும் செம்மையாக அமைத்துவிட்டால் ஆட்டம் மெய்போலாகுமா? ஆகாது என்பதே எம் துணிபு. சராசரி வளைகோட்டின்மேல் நடந்த மனிதன் ஒருவனுமில்லை. ஹோசே பௌற்றிஸ்ரா 2004 ஆம் ஆண்டு ஒன்றிலேயே நான்கு அணிகளுக்கு ஆடியவர். எவரும் அவரை இருத்திக்கொள்ள விரும்பவில்லை. பருவமொன்றில் 16 ஹோம் ரன்களுக்கு மேல் அவர் அடித்ததேயில்லை. 2010 இல், 29 வயதில், ரொறன்ரோ அணிக்காக 54 அடித்தார். பந்தெறிவதில் 2018 இலும் 2019 இலும் அதியுயர் விருதாகிய சை யங் விருதைப் பெற்ற ஜேக்கப் டிகுறோம், பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது பந்தெறிவோரே அல்லர், நடுக்களத்தில் நின்றவர். மறுபுறத்தே மார்க் பிட்றிச். 1976 இல், 21 வயதில், 19 வெற்றிகள். நாடே அவரைக் கொண்டாடியது. முழங்காலும் தோளும் கெட, அடுத்த நான்காண்டுகளிற் பத்தே வெற்றிகளுடன் முடிந்தார். ரொமி ஜோனுக்கு முழங்கைத் தசைநார் அறுந்தபோது, 1974 இல் வேறிடத்து நாரை எடுத்துப் பொருத்தினர். அதுவரை எவருக்கும் செய்யப்படாத சிகிச்சை. அவர் 46 வயதுவரை எறிந்தார். 288 வெற்றிகளுள் 164 அச்சிகிச்சைக்குப் பின் வந்தவை. எந்த வளைகோடு இவர்களை முன்னறிந்திருக்கும்?

ஹைன்சோனின் ஆட்டத்திலே இதற்கென ஒரு திருகு உண்டு. வீரரின் ஆற்றல் தற்செயலாய் மாறும் அளவை ஆடுவோரே கூட்டலாம், குறைக்கலாம். மிகக் குறைத்தால் பதினெட்டு வயதில் 70 என எழுதப்பட்டவன் எப்படியும் 70 ஆவான். இரண்டாவது எண் தலையெழுத்தாகிவிடும். சூதுக்கும் அதுவே வழி: உச்சந் தாண்டும் வீரரை 29 வயதிலேயே ஏமாந்த அணிக்கு விற்று, இளைஞரை வாங்கி, ஆண்டுதோறும் வெல்லலாம். மிகக் கூட்டினாலோ வளர்ப்பதிற் பயனில்லை, எல்லாம் பகடையே. தாம் போற்றி வளர்த்த இளைஞன் காரணமின்றிக் கெட்டான் என்று ஆடுவோர் பலர் நொந்துகொள்வர். "இது மெய்போலில்லை" என்பது அவர் முறையீடு. எமக்கோ இதனினும் மெய்போன்றது இல்லையென்றே படுகின்றது. இருபத்தைந்தாண்டு வகுப்பறையில் நின்றவர் எவரையும் கேட்டுப் பார்க்கலாம்.

விற்கும் சூது கணனியோடு நிற்கவில்லை என்பதையும் இங்குக் கூறவேண்டும். மெய்யான அணிகளும் அதே வளைகோட்டைப் படித்துக்கொண்டன. 2017–2018 குளிர்காலத்தில் முப்பதைத் தொட்டவரும் கடந்தவருமான நல்ல வீரர் பலர் ஒப்பந்தமின்றிப் பெப்ரவரி, மார்ச் வரை காத்திருந்தனர். அவர் ஆட்டம் குன்றவில்லை. குன்றும் என்று எண் கூறியது. சராசரியாகப் பார்க்கின் எண் பொய்யன்று. ஆயினும் வாயிலில் நிற்பவன் சராசரியல்லன். அவனுக்குப் பெயருண்டு, ஆடத் தெரியும். ஜேமி மோயர் 2012 ஏப்பிரிலில், 49 வயதில், விரைவென்று சொல்லத்தகாத பந்துகளை எறிந்து ஓர் ஆட்டத்தை வென்றார். அவ்வளவு வயதில் வென்றவர் அதற்கு முன் எவருமிலர்.

எம் கணனி அணியிலும் 37 வயதுப் பந்தெறிவோர் ஒருவர் உளர். நிரல் படைத்த மனிதர். ஊரும் பேரும் அதுவே இட்டது. எம்மைவிட இளையவரேயெனினும் திரை அவரை முதியவர் என்கின்றது. வேகம் ஆண்டுதோறுங் குறைய, குறி மட்டும் பிசகுவதில்லை. அவரிடத்துக்கு 19 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். வரும் ஆற்றல் 65 என்று எழுதியிருக்கிறது. அடுத்த பருவந் தொடங்குமுன் முதியவரை விடுப்பதா, வைத்திருப்பதா என்று திரை வினவி நிற்கின்றது. யாம் இன்னும் விடைகொடுக்கவில்லை.