கார் எங்கே தூங்குகிறது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். ஷோரூம் பையன் மூன்று மணி நேரம் பேசியும் சொல்லாத சங்கதிகளை இந்த 20 போர்டுகளும் முக்கால் மணி நேரத்தில் சொல்லிவிடும். கார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த ரோட்டைத்தான்.

என் மைத்துனன் கார் வாங்க முடிவு செய்தபோது கையில் இருந்தது 14 லட்சம் பட்ஜெட், மனதில் இருந்தது இரண்டு வண்டி. ஒன்று, எலெக்ட்ரிக் செடான். மற்றது, பெட்ரோலில் ஓடும் குடும்ப எஸ்.யு.வி. பெயர்கள் வேண்டாம், விளம்பரமாகிவிடும். 'எலெக்ட்ரிக்கிலேயே எஸ்.யு.வி. இருக்கிறதே' என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. குடும்பமே உட்கார இடமும், நெடுந்தூரம் போக பேட்டரியும் வேண்டும் என்றால் விலையும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கிறது.

"மாமா, நீங்க பி.காம். படிச்சவரு. நீங்களே சொல்லுங்க" என்றான். பி.காம். படித்தவனிடம் காரைப் பற்றிக் கேட்டால் முதலில் வரியைத்தான் சொல்வான். சொன்னேன். எலெக்ட்ரிக் வண்டிக்கு 2019 ஆகஸ்டிலிருந்து ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். பெட்ரோல் வண்டி நாலு மீட்டர் நீளத்துக்குள்ளும், 1,200 சி.சி.க்குள்ளும் இருந்தால் 18. இதில் ஒன்றைத் தாண்டினாலும் 40. இது 2025 செப்டம்பர் 22 முதல். அதாவது கொஞ்சம் நீட்டிப் படுத்தால் வரி இரண்டு மடங்குக்கு மேல்.

"அது சரி மாமா, அம்மாவுக்கு எது வசதி?" என்றான்.

அதுதான் விஷயம். என் மாமியாருக்கு வயது 68. இரண்டு முழங்காலும் பேச்சு கேட்பதில்லை. பிறந்த ஊர் ஆத்தூர். சேர்வராயன் கோயிலுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி. ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சேலையூரிலிருந்து இரண்டு வண்டிகள் கிளம்பின. ஆபீஸ் நண்பர் இரவல் கொடுத்த எலெக்ட்ரிக் செடானில் மைத்துனன், அத்தை, நான். வாடகைக்கு எடுத்த எஸ்.யு.வி.யில் அவன் மனைவி, ஆறு வயதுப் பையன், என் மனைவி. ஓட்டியது மைத்துனன் மனைவி. எங்கள் குடும்பத்திலேயே நன்றாக ஓட்டுகிறவள் அவள்தான்.

பரனூர், விக்கிரவாண்டி டோல்கேட் வரை ஒரு வம்பும் இல்லை. செடான் சத்தமே இல்லாமல் போயிற்று. ஆனால் மைத்துனன் ரோட்டைப் பார்த்ததைவிட பேட்டரி சதவிகிதத்தைப் பார்த்ததுதான் அதிகம். 80ல் போனால் நிதானமாக இறங்குகிற நம்பர், 100ஐத் தொட்டால் மாதக் கடைசிச் சம்பளம் மாதிரி கரைகிறது. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு பல மடங்காவதுதான் காரணம். அந்த வண்டியின் பேட்டரி 26 யூனிட். கம்பெனி 300 கிலோமீட்டர் என்கிறது. நெடுஞ்சாலையில், ஏ.சி. போட்டு, அத்தையின் முறுக்கு டின்னோடு, 200.

உளுந்தூர்பேட்டையில் 20 சதவிகிதம். ஓட்டல் வாசலில் சார்ஜர். ரோட்டோர சார்ஜரில் ரேட் வீட்டு மின்சாரத்தைப் போல இரண்டு மடங்கு. இட்லி, பொங்கல், காபி, மறுபடி காபி என்று ஒரு மணி பத்து நிமிஷம் போயிற்று. எஸ்.யு.வி. கோஷ்டி அரை மணி காத்திருந்துவிட்டு, "சேலத்துல பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பியது.

அதற்கு முன் ஒன்று நடந்தது. செடானிலிருந்து அத்தை இறங்க வேண்டும். ஸீட் தாழ்வு. ஒரு கையை என்னிடமும் ஒரு கையைக் கதவிடமும் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைத்துனனும் சொல்லவில்லை. அம்மாவை எஸ்.யு.வி.க்கு மாற்றினான். அதன் ஸீட் இடுப்பு உயரம். உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்தால் போதும். அவன் முகத்தில் அப்போதே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

கள்ளக்குறிச்சிக் கரும்பு, ஆத்தூர் மரவள்ளி, வழியெல்லாம் ஜவ்வரிசி ஆலைகள். எஸ்.யு.வி. ஐந்தரை மணி நேரத்தில் சேலம். நாங்கள் ஏழு மணி நேரம். அங்கே மறுபடி சார்ஜ், சாப்பாடு. 85 சதவிகிதத்தோடு மலையடிவாரம்.

இங்கேதான் கதை மாறியது. முதல் வளைவில் எஸ்.யு.வி. முக்கிற்று. கியரைக் குறைத்து, என்ஜினை அலற விட்டு, உயரமான உடம்பைச் சாய்த்துச் சாய்த்துத் திரும்பியது. எட்டாவது வளைவில் பையன் வாந்தி. பதினொன்றில் என் மனைவி. செடானோ பேட்டரியை வயிற்றுக்கடியில் கட்டிக்கொண்டு, தரையோடு ஒட்டி, ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் வழுக்கிக்கொண்டு ஏறியது.

ஏறுவது சும்மா இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம் அதிகம். ஆட்களோடு 1,500 கிலோ உள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் ஐந்து யூனிட் வேண்டும். ஓடுகிற செலவு தனி. மொத்தம் 34 சதவிகிதத்தைத் தின்றது. பெட்ரோல் வண்டியும் அதே உயரத்தைத்தான் ஏறுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய ஒன்பது யூனிட் சக்தி உண்டு. அதில் கால் பங்குதான், மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான், சக்கரத்துக்குப் போகிறது. மீதியெல்லாம் சூடாகி ஏற்காட்டுக் குளிரில் கலந்துவிடும்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபி பயிரிட வைத்தார். இன்றும் ஊரைச் சுற்றி மிளகுக் கொடியும் காபிச் செடியும்தான். ஏரி, பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் எல்லாம் பார்த்தோம். சேர்வராயன் குகைக் கோயிலில் அத்தை கண்ணை மூடி நின்ற நேரத்தைப் பார்த்தால் வேண்டுதல் ஒன்றல்ல, பல என்று தெரிந்தது.

ஞாயிறு காலை இறக்கம். "இந்த வண்டியிலேயே வரேன்" என்று அத்தையே செடானில் ஏறினார். ஏற்காட்டில் 44 சதவிகிதம். இறங்கும்போது மோட்டாரே டைனமோவாகிப் பேட்டரியை நிரப்புகிறது, பிரேக்குக்கும் வேலை குறைவு. அடிவாரத்தில் 47! ஓட ஓட ஏறுகிற மீட்டரை ஆட்டோவில் பார்த்திருக்கிறேன், லாபத்துக்கு ஏறி அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்னால் வந்த எஸ்.யு.வி.யின் பிரேக்கில் கருகல் வாசனை.

சேலத்திலிருந்து நான் எஸ்.யு.வி.யில் வந்தேன். அதன் பெருமையையும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷத்தில் பெட்ரோல், அப்புறம் சென்னை வரை கவலையே இல்லை. அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். ஆபீஸ், கடைகண்ணி என்று மாதம் 900 கிலோமீட்டர். நகர நெரிசலில் எஸ்.யு.வி. லிட்டருக்கு 11 கொடுத்தால், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்து, 8,200 ரூபாய். செடானுக்கு 140 யூனிட். முதல் 100 யூனிட் இலவசமானாலும், இரண்டு மாத ரீடிங்கில் யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வைத்தாலும் 1,400தான். வருஷத்துக்கு 80 ஆயிரம் மிச்சம். எதிர்ப்பக்கத்தில் பேட்டரி. எட்டு வருஷ வாரண்டி தருகிறார்கள். ஒன்பதாம் வருஷம் விற்கப் போனால் என்ன விலை என்பது ஒன்பதாம் வருஷம்தான் தெரியும். அத்தையின் முழங்காலை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எந்த அக்கவுண்டன்சி புத்தகத்திலும் இல்லை.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலை நிமிராமல் சொன்னார்: "ஏம் மாப்பிள்ளை, தெனமும் போறவன் அவன். நான் வருஷத்துக்கு நாலு தடவ போறேன். அந்த நாலு தடவைக்கி உசரமான வண்டிய வாடகைக்கி எடுத்தாப் போச்சு. மிச்சம் புடிக்கிற காசுலயே வருமில்ல?"

வந்தது. மூன்று மூன்று நாளாக நாலு பயணம், பெட்ரோலோடு 50 ஆயிரம். அப்புறமும் 30 ஆயிரம் கையில். உள்ளூரில் கோயிலுக்குப் போக ஸீட்டில் ஒரு கெட்டி மெத்தை போட்டால் முழங்காலும் சம்மதிக்கும்.

ஆனால் கடைசிக் கேள்வி மிச்சமிருந்தது. ராத்திரி கார் எங்கே தூங்குகிறது? தூங்குகிற இடத்தில் பிளக் இல்லை என்றால் இந்தக் கணக்கு முழுக்கத் தண்ணீரில் எழுதியது. 24 வீடுகள் உள்ள அபார்ட்மென்டில் லிஃப்ட் பில்லுக்கே மாதாமாதம் பஞ்சாயத்து. "பொது மீட்டர்ல ஒரு யூனிட் எடுக்க விடமாட்டோம்" என்றார் செக்ரட்டரி. மைத்துனன் பொது மீட்டரைத் தொடவே இல்லை. தன் வீட்டு மீட்டரிலிருந்து தன் பார்க்கிங்குக்குத் தனி ஒயர், எர்த், 16 ஆம்பியர் பிளக், எலெக்ட்ரீஷியன் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் ஒரு வரைபடம். மூன்று கூட்டங்களுக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகுதான் அட்வான்ஸ் கட்டினான்.

ஆகவே நண்பர்களே, ஷோரூமுக்குப் போகும் முன் உங்கள் பார்க்கிங்கைப் பாருங்கள். பிளக்குக்கு வழியிருந்து, தினசரி ஓட்டம் நகரத்துக்குள் என்றால் பச்சை நம்பர் பிளேட். வழியில்லை, வாரா வாரம் வெளியூர் என்றால் பெட்ரோலே நிம்மதி.

போன வாரம் செக்ரட்டரி மைத்துனனைப் படிக்கட்டில் நிறுத்தினாராம். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாராம்: "தம்பி, அந்த எலெக்ட்ரீஷியன் நம்பர் இருக்கா?"