பர்மிங்காமில் ஒரு ரிஃப்

மெட்டல் இசையைக் கேட்கும்போது நெஞ்சில் வந்து கவிகிற கனத்த பீதி எங்கிருந்து பிறக்கிறது என்பதை, அதைப் பிறப்பிக்கும் கைகளுக்கு அருகிலிருந்தே பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் நெடுநாளாக எனக்கு இருந்தபடியால், அந்த இசை தோன்றிய ஊராகிய இங்கிலாந்தின் பர்மிங்காமுக்குப் போயிருந்த சமயத்தில், டிக்பெத் என்னும் பழைய ஆலைப் பகுதியில், ரயில் பாலத்தின் செங்கல் வளைவுக்கடியே உள்ள ஓர் ஒத்திகை அறைக்கு அனுமதி பெற்றுச் சென்றேன். இளமையில் உலோகத் தகடு அழுத்தும் பட்டறையில் வேலை பார்த்த ஒரு முதிய கிட்டார் கலைஞரும், கிட்டார்களைச் செப்பனிடும் தொழிலையுடைய ஓர் அம்மையாரும் அங்கே இருந்தார்கள். ரிஃப் என்பது கிட்டாரில் மீண்டும் மீண்டும் வாசிக்கப்படும் ஒரு குறுகிய ஸ்வரக்கோவை. மெட்டல் இசையில் பாட்டின் கட்டடமே அதன்மேல்தான் நிற்கிறது.

பெரியவர் முதலில் வாசித்தது, பிளாக் சாபத் குழுவினர் 1970 பிப்ரவரி 13-ஆம் தேதி வெளியிட்ட முதல் இசைத்தட்டின் முதற்பாட்டு. குழுவின் பெயரே பாட்டுக்கும் பெயர். அதன் ரிஃபில் உள்ளவை மூன்றே ஸ்வரங்கள்: ஒரு ஸட்ஜம், அதன் மேல் ஸ்தாயி ஸட்ஜம், அங்கிருந்து இறங்கி வந்து நிற்கும் பிரதி மத்தியமம். பேஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லர், ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளர் செவ்வாய்க் கிரகத்தைக் குறித்து அமைத்த வாத்திய இசையில் ஈடுபட்டு அதைத் தம் கருவியில் தடவிக்கொண்டிருந்ததே குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்கு இந்த ரிஃபைத் தூண்டிற்று என்பது பிரசித்தம். ஸட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சாத்தானோடு சம்பந்தப்படுத்திப் பேசுவது மேல்நாட்டு வழக்கம். பயம் அந்த இடைவெளியிலேயே குடிகொண்டிருப்பதாக எழுதுவோரும் பலர். கர்நாடக சங்கீதத்தில் பழகிய எனக்கு இது சம்மதமானதே இல்லை. அதே பிரதி மத்தியமம் கல்யாணி ராகத்தின் ஜீவன் அல்லவா? கல்யாணியைக் கேட்டு நடுங்கியவர் யார்?

இந்தச் சந்தேகத்தைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் வாயால் பதில் கூறவில்லை. அதே மூன்று ஸ்வரங்களைத் துரிதகாலத்தில், ஒன்றையும் நீட்டாமல், துள்ளலாக வாசித்தார். அது குழந்தைகள் விளையாட்டுக்கு ஏற்ற ஒரு சிறு மெட்டாக இருந்ததேயன்றி அதில் பயத்தின் சாயலே இல்லை. பிறகு காலத்தைத் தளர்த்தி, ஒவ்வொரு ஸ்வரமும் தானாகத் தேய்கிற வரையில் காத்திருந்து, கடைசி ஸ்வரத்தை மட்டும் அதற்கு மேலுள்ள பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டு மீளும்படி நடுங்கவிட்டார். அறையின் காற்றே வேறாகிவிட்டது. கல்யாணியிலே அந்தர காந்தாரமும் பஞ்சமமும் இரு புறமும் துணை நின்று மத்தியமத்தைத் தாங்குகின்றன. இங்கேயோ காந்தாரம் இல்லை, பஞ்சமத்தைத் தீண்டலாமே தவிர அங்கே இளைப்பாற வழியில்லை, அடுத்த ஸ்வரம் எப்போது வரும் என்ற நிச்சயமும் இல்லை. காத்திருக்கச் செய்வதே இந்த ரிஃபின் வித்தை என்று எனக்கு அப்போது தெளிவாயிற்று.

ஆலைகளின் சம்மட்டி ஓசையே இந்த இசையாக மாறியது என்று சொல்வாருண்டு. அழகான கருத்துத்தான், ஆனால் அதைவிட நேரான காரணம் ஒன்று அயோமியின் கையிலேயே இருக்கிறது. 1965-இல், பதினேழு வயதில், தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலைக்குக் கடைசி நாளாக வந்திருந்த அன்று, வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் அவர் இயந்திரத்தில் இழந்தார். இடக்கை வழக்கமுடையவராதலால் தந்திகளை அழுத்தவேண்டிய கை அதுவே. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் தொப்பிகள் செய்து, அவற்றின்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைத் தேடி மாட்டி அவர் மறுபடி வாசிக்கத் தொடங்கினார். 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ இசைத்தட்டின் பல பாட்டுகளில் தந்திகளின் சுருதியையே மூன்று அரை ஸ்வரங்கள் இறக்கிவிட்டார். அழுத்தும் சிரமம் குறைந்தது. நாதமோ இருண்டு கனத்தது.

தளர்ந்த தந்தி என்ன செய்கிறது என்பதை அம்மையார் தம் மேசையில் காட்டினார். பலமாக மீட்டிய க்ஷணத்தில் சுருதி சற்றே ஏறி, பிறகு தன் இடத்துக்கு வழுக்கி இறங்குகிறது. ஒவ்வொரு அடியும் சோர்ந்து விழுவதுபோல் ஒலிப்பது அதனால்தான். இந்த வழுக்கல் அளவு மீறினால் அபஸ்வரம். அடியோடு இல்லாவிட்டால் கனமும் இல்லை. கழுத்தின் தலைப்பில் தந்தி படியும் காடியை அராவுவதும், தந்திகளைத் தாங்கும் பாலத்தின் உயரத்தைத் திருத்துவதும், கழுத்தினுள்ளே ஓடும் இரும்புக் கம்பியை முடுக்குவதும் எல்லாம் அந்தச் சிறிய அளவுக்காகவே. மேடையில் எவரும் கண்டறியாத இவ்வேலையில் அவர் காட்டிய நிதானத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

பிறகு ஆம்ப்ளிஃபயரை முடுக்கி, பெரியவர் ஸட்ஜ பஞ்சமங்களை ஒருங்கே மீட்டினார். இதைப் பவர் கார்டு என்கிறார்கள். அளவு மீறிப் பெருக்கப்பட்டு ஒலி சிதையும்போது இரண்டு ஸ்வரங்களும் கலந்து புதிய ஒலிகளைப் பிறப்பிக்கின்றன. வினாடிக்கு ஏறக்குறைய 82 அதிர்வுகளும் 123 அதிர்வுகளும் சேர, அவற்றின் வித்தியாசமாகிய 41-உம் கேட்கிறது. சாதாரண சுருதியில் கிட்டாரின் எந்தத் தந்திக்கும் எட்டாத, ஒரு ஸ்தாயி கீழான ஸட்ஜம் அது! காதுக்கு முன்பே மார்பெலும்பு அதை அறிந்துகொள்கிறது.

பயம் ஒன்றே மெட்டலின் பாவம் என்று நினைத்துவிடலாகாது என்று கூறி, அவர் உள்ளங்கையின் விளிம்பைப் பாலத்தருகே தந்திகளின்மேல் வைத்து, மீட்டும் வில்லையாகிய பிக்கை மேலிருந்து கீழாக மட்டுமே வீசி, அதிவேகமாக ஒரு ரிஃப் வாசித்தார். மெட்டாலிகா குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு இவ்வகை வாசிப்பில் பேர்பெற்றவர். கீழும் மேலுமாக மாற்றி மீட்டினால் பாதிச் சிரமத்தோடு முடியுமே என்று கேட்டேன். மேல் வீச்சில் அடியின் பலம் ஒரு மாத்திரை குறையும், ஒன்று பலமும் ஒன்று மெலிவுமாக வந்தால் கோபம் ஆட்டமாகிவிடும், எல்லா அடியும் ஒரே எடையில் விழுந்தால்தான் அது கோபம் என்றார் அவர். அதற்காகவே முப்பது வயதிலிருந்து மணிக்கட்டு வலியைச் சகித்து வருவதாகவும், வைத்தியர் தடுத்தபின் வாரத்தில் இரண்டு மாலை மட்டும் அவ்விதம் வாசிப்பதாகவும் சொல்லிவிட்டு, அந்த ரிஃபை இன்னொரு முறை, முன்னிலும் வேகமாக எடுத்தார்.