அமெரிக்கச் சாப்பாடும் அண்ணன் கொடுத்த ட்ரீட்டும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டதுமே 'மாணவர் சக்தி', 'நாளைய இந்தியா' என்று நல்ல தலைப்புகளையெல்லாம் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது சாப்பாடு! ஆகவே அன்பு நண்பர்களே, இலையைப் போட்டுவிட்டேன், உட்காருங்கள்.

அமெரிக்க உணவகம் நம் நாட்டுக்கு ரொம்பப் பழைய சமாசாரம் இல்லை. 1995-இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கே.எஃப்.சி. திறந்தார்கள். மறு ஆண்டே, 1996 ஜனவரியில், பேராசிரியர் நஞ்சுண்டசாமியின் கர்நாடக விவசாயிகள் சங்கத்தார் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அதே 1996-இல் டெல்லிக்கு மெக்டொனால்ட்ஸ் வந்தது, நமக்காக மாட்டிறைச்சியை விட்டுவிட்டு! இன்று சென்னையில் மாலுக்கு மால் அமெரிக்கச் சாப்பாடு. எங்கள் கீரமங்கலத்திலோ விசேஷம் என்றால் இன்றும் கொத்து பரோட்டாதான்.

போன வருடம் இன்பிளான்ட் ட்ரெய்னிங்குக்காக நாங்கள் மூன்று பேர் சென்னை போயிருந்தோம். எங்கள் ஊர் சீனியர் அண்ணன் ஒருவர் ஒரகடம் பக்கம் வேலையில் இருக்கிறார். "தம்பிகளா, சனிக்கிழமை என் ட்ரீட்டு. வந்துருங்கடா" என்றார். பிரியாணிக் கடை என்று நினைத்துப் போனோம். அவர் கூட்டிக்கொண்டு போனதோ ஒரு பெரிய மாலின் மூன்றாம் மாடிக்கு. கண்ணாடிக் கதவு, மங்கல் விளக்கு, சுவரெல்லாம் பழைய அமெரிக்கக் கார் படங்கள். நாற்காலியை இழுத்துவிட ஓர் ஆள் வேறு!

மெனு கார்டு வந்தது. இங்கிலீஷ் இடமிருந்து வலம் படிக்க வேண்டிய மொழி. நாங்கள் மூவரும் உருது மாதிரி வலமிருந்து இடமாகப் படித்தோம். ஏனென்றால் வலப்பக்கம்தான் விலை! ஒரு லெமன் ஜூஸ் 300 ரூபாய்க்கு மேல். எங்கள் ஊர் பூ மார்க்கெட்டில் விலை படுத்த நாளில் ஒரு கிலோ மல்லிகைக்குக்கூட அந்தக் காசு வராது.

"எனக்குப் பசியில்லண்ணே" என்றான் சிவில். "எனக்கு வயிறு சரியில்ல, சூப் மட்டும்" என்றான் எலெக்ட்ரிக்கல். "நான் இவன்ட்ட பாதி வாங்கிக்கிறேன்" என்றேன் நான். அண்ணனுக்குச் சம்பளம் என்ன என்பதும், வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் அவர் அனுப்புவதும் எங்களுக்குத் தெரியும்.

அண்ணன் மெனு கார்டை மூடி வைத்தார்.

"டேய், 2018 நவம்பர்ல கஜா அடிச்சதுல எங்க தோப்பு மொத்தமும் படுத்துருச்சு, ஒங்களுக்கே தெரியும். அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு யாரு வந்தாலும் அப்பா அருவாளை எடுத்துக்கிட்டு எளநி வெட்டத்தான் போவாரு. அப்புறம் வந்தவங்களுக்கு ஒரு சொம்புத் தண்ணிதான். காசு போனதுக்கு அவரு அழுது நான் பாக்கல. ஒருத்தருக்கு ஒண்ணு குடுக்க முடியலையேன்னுதான் திண்ணையில ஒக்காந்து அழுதாரு. இப்ப நான் குடுக்குறேன். வெலையப் பாக்காம சாப்புடுங்கடா."

எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. சிவிலுக்குத்தான் முதலில் பசி வந்தது!

பர்கர், சோளம், உருளைக்கிழங்கு வறுவல், காரமான கோழி இறக்கை எல்லாம் வந்தன. கத்தியும் முள்கரண்டியும் பிடித்துப் பார்த்து, பிறகு கையே துணை என்று இறங்கிவிட்டோம். "பயப்படாதீங்கடா, இந்தத் தட்டுல இருக்குறதெல்லாம் நம்ம சொந்தக்காரங்கதான்" என்றார் அண்ணன். உண்மைதான். உருளை, தக்காளி, மிளகாய், சோளம் மட்டுமல்ல, நம் மாவட்டத்து நிலக்கடலையும் முந்திரியும்கூட அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. கொலம்பஸுக்குப் பின் ஐரோப்பியர் கப்பலில் வந்து நம் மண்ணில் வேர் விட்டவை. அதற்கு முன்பு நம் பாட்டிமார் குழம்புக்குக் காரம் மிளகுதான்.

பில் 2,940 ரூபாய், 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து. அண்ணன் பொறுமையாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். நண்பர்களே, இதையும் தெரிந்துகொள்ளுங்கள். சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025-இல் அதை உறுதி செய்தது. அமெரிக்காவில் கதை வேறு. டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி தர வேண்டிய மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 1991-இலிருந்து மணிக்கு 2.13 டாலர்தான். மீதியை வந்தவர்கள் வைக்கும் டிப்ஸ்தான் சரிக்கட்ட வேண்டும். அண்ணன் யாரும் கேட்காமலே 100 ரூபாய் வைத்து, பரிமாறிய பையனிடம் "சாப்டியாப்பா?" என்று கேட்டார். அவன் சிரித்த சிரிப்பு அந்த மாலில் வேறெங்கும் பார்க்காத சிரிப்பு.

ட்ரீட், ட்ரீட் என்று நாம் நண்பர்களை நச்சரிக்கிறோம். அரியர் பாஸானால் ட்ரீட், சட்டை புதிதானால் ட்ரீட்! கையில் இல்லாதவனிடம் கேட்டு அவனைக் கூசவைக்க வேண்டாம். அதே நேரம், ஒருவன் மனசார அழைத்துக் கொடுக்கும்போது அவன் சட்டைப் பையை எட்டிப் பார்க்கவும் வேண்டாம். வாங்கிக்கொள்வதும் ஒரு மரியாதைதான். கொடுப்பதுதான் பெருமை என்று சிறுவயதிலிருந்தே படிக்கிறோம். வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இல்லாவிட்டால் அந்தப் பெருமை யாருக்குக் கிடைக்கும்?

பின்குறிப்பாக ஒரு நல்ல செய்தி. புயலுக்குப் பிறகு வைத்த தென்னம்பிள்ளைகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. இந்தப் பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவருடைய அப்பா எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்துவிட்டார். ஆளுக்கு இரண்டு குடித்தோம்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை